யூரிடியமா, ஆர்மலைட்டா, டெல்டாவா, டிராப்ஸோனா? கமடோர் 64-ல் முதலில் எந்த விண்கலத்தில் ஏறுவது

போன மாதம் நண்பர் ஒருவர் தன் மடிக்கணினியில் கமடோர் 64 எமுலேட்டரை, அதாவது எண்பதுகளின் அந்த வீட்டுக் கணினியைப் போலவே நடிக்கும் மென்பொருளை, நிறுவிவிட்டுக் கூப்பிட்டார். "பக்கவாட்டுல ஓடுற, வேகமான விண்வெளி ஷூட்டர் ஒண்ணு வேணும். பட்டியலைப் பார்த்தா தலை சுத்துது. எதுல ஆரம்பிக்க?" என்றார். அடுத்த வாரமே என் தம்பி மகனும் அதே கேள்வியோடு வந்து நின்றான். நான் இருவருக்கும் ஒரே விளையாட்டைச் சொல்லவில்லை. நண்பருக்கு இரவில் கால் மணி நேரம் கிடைத்தால் பெரிது. பையனுக்கு நீண்ட விடுமுறை, பக்கத்திலேயே ஒரு தோழன் வேறு.

என் பட்டியலில் நான்கு விளையாட்டுகள் மட்டும்தான்: டிராப்ஸோன், யூரிடியம், டெல்டா, ஆர்மலைட். நான்கும் 1984-க்கும் 1988-க்கும் இடையில் வந்தவை. நான்கையும் பல வருடங்களாக விளையாடிக்கொண்டிருக்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி, வேகம் யார் கையில் இருக்கிறது என்பது. இந்த வகை விளையாட்டுகளின் அட்டையில் எல்லாம் "வேகம்" என்றுதான் போட்டிருக்கும். ஆனால் சிலவற்றில் திரை தன் போக்கில் நகர்ந்து உங்களை இழுத்துக்கொண்டு போகும். சிலவற்றில் எவ்வளவு வேகம், எந்தத் திசை என்பதை நீங்களே முடிவு செய்வீர்கள். இரண்டும் கைக்குத் தரும் அனுபவம் வேறு வேறு. இதைப் பார்க்காமல் தேர்ந்தெடுப்பவர்கள்தான் பத்து நிமிடத்தில் சலித்துப்போய் மூடிவிடுகிறார்கள்.

இரண்டாவது, உயிர் போகும்போது அது ஏன் போனது என்று உங்களுக்குப் புரிகிறதா. மூன்றாவது, ஒரு ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும். நான்காவது, தனியாகவா, துணையோடா. கடைசியாக மறைசெலவு: மனப்பாடம், விசைப்பலகை, ஜாய்ஸ்டிக், திரை அமைப்பு என்று விளையாட்டுக்கு வெளியே நீங்கள் கட்ட வேண்டிய விலை.

## டிராப்ஸோன் (1984)

ஆர்ச்சர் மக்லீன் இதை முதலில் அட்டாரி 8-பிட் கணினிகளுக்காக எழுதினார். பிறகு கமடோர் 64-க்கும் வந்தது. வியாழனின் துணைக்கோளான அயோவில் நடக்கும் கதை. நீங்கள் ஓட்டுவது விண்கலம் அல்ல, முதுகில் ஜெட் கட்டிக்கொண்ட ஒரு மனிதன். தரையில் சிதறி நிற்கும் ஆய்வாளர்களை ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டு தளத்துக்குக் கொண்டுபோய் இறக்க வேண்டும். 1981-ல் வில்லியம்ஸ் நிறுவனத்துக்காக யூஜின் ஜார்விஸ் உருவாக்கிய டிஃபெண்டரை ஆடியவர்களுக்கு இதன் வம்சாவளி உடனே தெரிந்துவிடும்.

திரை இரு பக்கமும் ஓடும். எந்தப் பக்கம் போவது என்பது உங்கள் முடிவு. ஆனால் அவசரம் உங்கள் கையில் இல்லை, ஏனென்றால் திரைக்கு வெளியே யாரோ ஒருவருக்கு ஆபத்து நடந்துகொண்டே இருக்கும். கண் ஒன்று திரைக்கு வெளியே நடப்பதையும் காட்டும் ஸ்கேனரில், ஒன்று எதிரில். இந்தப் பதற்றம்தான் டிராப்ஸோனின் ருசி. ஒருவரைத் தோளில் சுமந்துகொண்டு குண்டுகளுக்கு நடுவே தளத்துக்குத் திரும்பும் அந்த ஐந்து விநாடி போல வேறெதுவும் இந்த நான்கில் இல்லை.

மறைசெலவு விசைப்பலகை. திரையைத் துடைக்கும் குண்டுக்கும், சிறிது நேரம் மறைந்துகொள்ளும் வசதிக்கும் ஜாய்ஸ்டிக்கை விட்டு விசையைத் தேட வேண்டும். அசல் கணினியில் இடது கை அங்கேயே கிடக்கும், பிரச்சினை இல்லை. சோபாவில் சாய்ந்து கேம்பேடோடு ஆடுபவர் எமுலேட்டரில் அந்த விசைகளைப் பொத்தான்களுக்கு மாற்றிக்கொண்டுதான் உட்கார வேண்டும். மாற்றாமல் ஆடினால் பாதி விளையாட்டுதான் கிடைக்கும்.

## யூரிடியம் (1986)

இதைப் பற்றி நான் கொஞ்சம் நீளமாகவே பேசுவேன்.

ஆண்ட்ரூ பிரேப்ரூக் எழுதி, ஹியூசன் வெளியிட்டது. மான்டா என்ற சிறு போர்க்கலத்தில் பிரம்மாண்டமான எதிரிக் கப்பல் ஒன்றின் முதுகின் மேல் பறக்கிறீர்கள். கப்பல்கள் மொத்தம் பதினைந்து. ஒவ்வொன்றுக்கும் ஓர் உலோகத்தின் பெயர்: துத்தநாகம், ஈயம், செம்பு, வெள்ளி என்று தொடங்கி, கடைசியில் யூரிடியம் என்ற கற்பனை உலோகத்தில் முடியும்.

வேகம் முழுக்க உங்களுடையது. ஜாய்ஸ்டிக்கை முன்னால் தள்ளினால் மான்டா பாய்கிறது. பின்னால் இழுத்தால் வேகம் குறைந்து, ஒரு கட்டத்தில் அப்படியே குட்டிக்கரணம் அடித்துத் திரும்பி எதிர்த் திசையில் பறக்கத் தொடங்குகிறது. இரண்டு சுவர்களுக்கு நடுவே மெல்லிய இடைவெளி இருந்தால், கலத்தை ஒருக்களித்துச் சாய்த்து நுழையலாம். முதல் முறை அதைச் செய்து வெளியே வந்தபோது நான் மூச்சு விட மறந்திருந்தேன்.

இந்த வழவழப்புக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஐரோப்பிய கமடோர் 64-ல் செயலியின் வேகம் ஒரு மெகாஹெர்ட்ஸுக்குச் சற்றுக் குறைவு. விநாடிக்கு 50 முறை திரை புதுப்பிக்கப்படும்போது, ஒரு முறைக்கு 19,656 கடிகாரத் துடிப்புகள்தான் கையில் இருக்கும். எட்டு புள்ளிகள் வரையிலான நகர்வை வீடியோ சில்லே பார்த்துக்கொள்ளும். அதற்கு மேல் நகர வேண்டுமானால் 40-க்கு 25 என்று திரையில் இருக்கும் 1,000 எழுத்துக் கட்டங்களையும் செயலி ஒவ்வொன்றாக இடம் மாற்ற வேண்டும். இதற்கே கிட்டத்தட்ட பாதித் துடிப்புகள் போய்விடும். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனி நிறம் வைத்திருந்தால் நிற நினைவகத்தில் இன்னொரு 1,000. யூரிடியத்தின் கப்பல் ஒவ்வொன்றும் ஒரே உலோகச் சாயலில் வார்த்தது போல இருக்கிறதல்லவா? கட்டத்துக்குக் கட்டம் நிறம் மாறாவிட்டால் அந்த இரண்டாவது சுமையைத் தூக்க வேண்டியதே இல்லை. கண்ணுக்கு அழகாகப் படுவது செயலிக்கும் இலகு. இந்தச் சிக்கனத்தின் பலன்தான் நம் கைக்கு வரும் வேகம்.

உயிர் போவது நியாயமா? பெரும்பாலும் ஆம். உயரமான சுவரில் மோதினால் சாவு, தாழ்ந்த அமைப்புகளின் மேல் பறந்து போய்விடலாம். எது உயரம், எது தாழ்வு என்பதை அது விழுத்தும் நிழலே சொல்லும். நிழலைப் படிக்கக் கற்றுக்கொள்வதுதான் இந்த விளையாட்டில் எழுத்துக் கூட்டிப் படிப்பது மாதிரி. ஆனால் ஒன்று: மான்டா திரையின் நடுவிலேயே நிற்பதால் முன்னால் தெரிவது பாதித் திரைதான். முழு வேகத்தில் போகும்போது சுவர் கண்ணுக்குத் தெரிவதற்கும் மோதுவதற்கும் நடுவே அவகாசம் மிகக் குறைவு. ஆக ஒவ்வொரு கப்பலின் முதுகையும் நம் தெருவைப் போல மனத்தில் வரைந்துகொள்ள வேண்டியிருக்கும். மறைசெலவு அதுதான். தேடி வந்து மோதும் கண்ணிகள் கிளம்பும்போது வேகத்தால் தப்பிக்கலாம், ஆனால் வேகமாகப் போனால் சுவர். இந்த இழுபறியே விளையாட்டு.

ஒரு கப்பலை முடிக்க அதிக நேரம் ஆகாது. போதுமான அளவு அழித்ததும் தரையிறங்கச் சொல்லி அறிவிப்பு வரும். ஓடுதளத்தில் இறங்கி, எரிபொருள் தண்டுகளைச் சீக்கிரமாக அகற்றும் குட்டி ஆட்டத்தை முடித்து, சிதைந்துபோகும் கப்பலின் மேல் கடைசியாக ஒரு முறை பறந்து வெளியேறலாம். பகலில் நாலு பேரிடம் பேசிக் களைத்த மனிதருக்கு இந்த அளவு சரியாகப் பொருந்தும்.

அதே காலத்து இன்னொரு வீட்டுக் கணினியான ஸ்பெக்ட்ரமில் ஆடலாமா என்று சிலர் கேட்பார்கள். அந்த இயந்திரத்தில் திரையை நகர்த்தித் தரும் வன்பொருள் ஸ்க்ரோலும் கிடையாது, பின்னணியைத் தொடாமல் தனியே நகரும் உருவங்களான ஸ்பிரைட்டும் கிடையாது. எல்லாவற்றையும் செயலியே வரைய வேண்டும். அப்படியிருந்தும் டொமினிக் ராபின்சன் இதை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது பெரிய சாதனை. ஆடிப் பார்க்க வேண்டியதுதான், ஆனால் முதல் அறிமுகம் கமடோரிலேயே இருக்கட்டும்.

## டெல்டா (1987)

ஃபின்லாந்தைச் சேர்ந்த ஸ்டாவ்ரோஸ் ஃபாசூலாஸ் எழுதியது, வெளியீடு தலமஸ். முந்தைய வருடம் சாங்ஸியனையும் இவர்தான் எழுதினார். இசை ராப் ஹப்பர்ட். கேசட்டில் விளையாட்டு ஏறும் அந்த நீண்ட நிமிடங்களில் சும்மா காத்திருக்க வேண்டாம் என்று, இசையின் பகுதிகளை நாமே மாற்றி மாற்றிக் கோத்துக் கேட்கும் ஏற்பாடு ஒன்றைச் செய்திருந்தார்கள். அதற்காகவே கேசட் வடிவத்தை ஒரு முறையாவது ஏற்றிப் பாருங்கள்.

இங்கே திரை வலது பக்கமாகத் தன் போக்கில் ஓடும். எதிரிகள் அணி அணியாக, வகுத்த பாதையில், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வருவார்கள். ஓர் அணியை முழுவதுமாக அழித்தால்தான் ஆயுதத்துக்கான மதிப்பு சேரும். ஒன்று தப்பினாலும் போச்சு. ஆகவே அனிச்சையான கைவேகத்தை விட நினைவுதான் இங்கே வேலை செய்யும். கோலம் போடுபவர் அடுத்த புள்ளியைப் பார்க்காமலே கையை நகர்த்துவது போல, எதிரி வருவதற்கு முன்பே அந்த இடத்தில் நிற்கப் பழக வேண்டும்.

முதல் நாள் அநியாயமாகத் தோன்றும். எங்கிருந்தோ வந்து அடிக்கிறது, ஏன் செத்தோம் என்றே புரியாது. பத்தாவது நாள் அதே பகுதி நடனம் போல ஓடும். அந்தப் பத்து நாளைக் கொடுக்க மனமில்லாதவர்களுக்கு டெல்டாவை நான் சொல்ல மாட்டேன். இசைக்காக வருபவர்களுக்கும், ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்து மெருகேற்றுவதில் இன்பம் காண்பவர்களுக்கும் இதுவே முதல் தேர்வு.

## ஆர்மலைட் (1988)

இதுவும் தலமஸ் வெளியீடுதான். சைபர்டைன் சிஸ்டம்ஸ் என்ற பெயரில் டான் ஃபிலிப்ஸ், ஜான் கெம்ப், ராபின் லெவி சேர்ந்து செய்தது. கமடோர் 64 இவ்வளவு காட்டுமா என்று கேட்க வைக்கும் விளையாட்டு. வன்பொருளில் ஒரு வரிசைக்கு எட்டு ஸ்பிரைட்டுகள்தான். திரை மேலிருந்து கீழாக வரையப்படும்போதே, மேலே காட்டி முடித்த ஸ்பிரைட்டைக் கீழே வேறு எதிரியாக மறுபடி பயன்படுத்தும் உத்தியை இதில் அற்புதமாகக் கையாண்டிருக்கிறார்கள். திரை கொள்ளாத எதிரிகள், நடுங்காத ஓட்டம், லெவல் முடிவில் மலை மலையாக நிற்கும் காவலர்கள்.

இந்த நான்கில் இருவர் ஒரே நேரத்தில், ஒரே திரையில் ஆட முடிவது இதில் மட்டும்தான். தனியாக ஆடினால் இரண்டாமவருக்குப் பதிலாகக் கூடவே ஒரு துணைக்கருவி பறந்து வந்து சுடும். அது நல்ல ஏற்பாடு. என்றாலும் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து "மேலே நீ பாரு, கீழே நான்" என்று சொல்வதற்கு ஈடாகாது. தம்பி மகனுக்கு நான் இதைச் சொன்னதற்குக் காரணம் அந்தத் தோழன்தான்.

வேகம் இங்கே திரையின் கையில். டெல்டா அளவுக்கு மனப்பாடம் கேட்காது, ஆனால் நிறைய நேரம் கேட்கும். எட்டு நீண்ட லெவல்கள். கால் மணி நேரத்தில் உட்கார்ந்து எழுந்திருப்பவருக்கு இரண்டாவது லெவலுக்கு மேல் எதுவும் தெரியாமலே போய்விடும். இரண்டு ஜாய்ஸ்டிக் வாங்குவதும் செலவில் சேர்த்தி.

அந்தக் காலத்து விமர்சனங்களைத் தேடிப் படிப்பவர்களுக்கு ஒரு தகவல். ஜாப் 64 இதழ் ஆர்மலைட்டுக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. அந்த இதழை நடத்திய நியூஸ்ஃபீல்டுதான் தலமஸையும் தொடங்கியது. ஆட்டம் அந்தப் பாராட்டுக்குத் தகுதியானது என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் தெரிந்துகொண்டு படிப்பது நல்லது.

## ஒரே பார்வையில்

| | டிராப்ஸோன் | யூரிடியம் | டெல்டா | ஆர்மலைட் |
|---|---|---|---|---|
| ஆண்டு | 1984 | 1986 | 1987 | 1988 |
| ஓடும் திசை | இரு பக்கமும் | இரு பக்கமும் | ஒரு பக்கம் | ஒரு பக்கம் |
| வேகம் யார் கையில் | உங்கள் கையில், ஆனால் அவசரம் வெளியே | முழுக்க உங்கள் கையில் | திரையின் கையில் | திரையின் கையில் |
| முக்கியமாக வேண்டியது | ஒரே நேரத்தில் இரண்டைக் கவனிப்பது | கண்ணும் கையும் | நினைவு, பொறுமை | நேரம், துணை |
| இருவர் சேர்ந்து | முடியாது | முடியாது | முடியாது | முடியும் |
| மறைசெலவு | விசைப்பலகை | கப்பல் வரைபட மனப்பாடம் | முதல் பத்து நாள் | இரண்டு ஜாய்ஸ்டிக், நீண்ட மாலை |

கட்டாகிஸ் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். மான்ஃப்ரெட் ட்ரென்ஸ் எழுதி ரெயின்போ ஆர்ட்ஸ் 1988-ல் வெளியிட்ட அருமையான ஆட்டம். ஐரெம் நிறுவனத்தின் ஆர்-டைப் விளையாட்டைப் போலவே இருக்கிறது என்று சிக்கல் எழுந்து, பிறகு மாற்றங்களோடு டெனாரிஸ் என்ற பெயரில் வந்தது. கடைசியில் கமடோருக்கான ஆர்-டைப்பை எழுதியதும் அதே ட்ரென்ஸ்தான். ஆர்மலைட்டை முடித்தவர்கள் அடுத்து அங்கே போகலாம். ஆரம்பிப்பதற்கு அது வேண்டாம்.

## எந்த ஆட்டமானாலும் கட்ட வேண்டிய விலை

இதைச் சரிசெய்யாமல் மேலே சொன்ன எந்த ஒப்பீட்டுக்கும் பொருளில்லை.

இந்த நான்கையும் எழுதியவர்கள் ஐரோப்பியர்கள். கமடோரில் இவை ஓட வேண்டியது விநாடிக்கு 50 திரை என்ற ஐரோப்பிய முறையில். எமுலேட்டர் அமெரிக்க முறையில், அதாவது 60-ல் இருந்தால், ஆட்டம் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு வேகமாக ஓடும், இசையும் கூடவே ஓடும், சில ஆட்டங்களில் திரை கலையும். சரி, 50-க்கு மாற்றிவிட்டீர்கள். உங்கள் மானிட்டர் 60 ஹெர்ட்ஸில் இருந்தால் ஒவ்வொரு ஐந்து படத்துக்கும் ஒன்றை இரண்டு தடவை காட்ட வேண்டியிருக்கும். ஓட்டம் விநாடிக்குப் பத்து முறை லேசாகத் தடுக்கும். யூரிடியம் போன்ற வழவழப்பான ஆட்டத்தில் அது கண்ணை உறுத்தும். மானிட்டரையே 50 ஹெர்ட்ஸுக்கு மாற்ற முடிகிறதா என்று முதலில் பாருங்கள். தொலைக்காட்சியில் ஆடினால் கேம் மோடைப் போடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் அசைத்ததற்கும் மான்டா அசைவதற்கும் இடையே தாமதம் வரும், பழியைத் தேவையில்லாமல் விளையாட்டின் மேல் போடுவீர்கள்.

அசல் இயந்திரம் வாங்க நினைப்பவர்களுக்கு: அமெரிக்காவிலிருந்து வருவது 110 வோல்ட்டும் 60 ஹெர்ட்ஸும். ஐரோப்பாவிலிருந்து வருவது நம் மின்சாரத்துக்கும் பழைய டிவிக்கும் ஒத்துப்போகும். ஆனால் எங்கிருந்து வந்தாலும் பழைய மின்சப்ளை டப்பாவை நம்பாதீர்கள். அது கெடும்போது அதிக வோல்ட்டைத் தள்ளி நினைவகச் சில்லுகளை எரித்துவிடும் என்பது ஊரறிந்த விஷயம். புதிய மின்சப்ளைக்கான காசையும் சேர்த்து விலையைக் கணக்கிடுங்கள். நான் முதல் முறை கணக்கிடவில்லை. வாங்கிய விலையில் பாதிக்கு மேல் பழுதுபார்க்கவே போனது.

கமடோர் 64-ன் சிறிய நவீன மறுவடிவமாக 2018-ல் வந்த தி சி64 மினி நடுவழி. அதில் உள்ளடங்கிய 64 ஆட்டங்களில் யூரிடியமும் ஆர்மலைட்டும் இருக்கின்றன. டிராப்ஸோனும் டெல்டாவும் இல்லை, அவற்றை யூஎஸ்பி வழியாகத்தான் ஏற்ற வேண்டும். மினியின் விசைப்பலகை வெறும் அச்சு, அழுத்த முடியாது. டிராப்ஸோன் ஆட வேண்டுமென்றால் தனியே ஒரு யூஎஸ்பி விசைப்பலகையும் தேவைப்படும். 2019 கடைசியில் வந்த முழு அளவு இயந்திரத்தில் விசைகள் வேலை செய்யும். எதை இறக்குமதி செய்தாலும் சுங்கத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

## யாருக்கு எது

டிஃபெண்டரை ஆடிப் பழகியவர், பதற்றத்தை விரும்புபவர் டிராப்ஸோனுக்குப் போகட்டும். ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒரு மாதம் ஒரே ஆட்டத்தோடு வாழத் தயாரானவருக்கு டெல்டா. வீட்டில் ஜாய்ஸ்டிக் பிடிக்க இன்னொரு கை இருந்தால், யோசிக்காமல் ஆர்மலைட்.

மற்ற எல்லாருக்கும் என் பதில் யூரிடியம். வேகத்தை உங்களிடமே கொடுத்துவிட்டு, அதை என்ன செய்கிறீர்கள் என்று பார்க்கிற ஆட்டம் இந்த நான்கில் அது ஒன்றுதான். மெதுவாகப் பறந்தால் மெதுவாகவே கற்றுக்கொள்ளலாம். கை தேறத் தேற வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம். புதியவருக்கும் இருபது வருடம் ஆடியவருக்கும் ஒரே முதல் கப்பல் வேறு வேறு ஆட்டமாக இருக்கும்.

நண்பரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். முதல் இரவு எதையும் சுடாதீர்கள். துத்தநாகக் கப்பலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாகப் பறந்து, எந்தச் சுவரின் நிழல் நீளம் என்று மட்டும் பாருங்கள். திரும்பி வாருங்கள். மறுபடி போங்கள். உயிர்கள் தீரட்டும். இரண்டாவது இரவு துப்பாக்கியைத் தொடலாம். மூன்றாவது இரவு நண்பர் மறுபடி கூப்பிட்டார், மணி பதினொன்றரை. "ஈயக் கப்பலுக்குப் போயிட்டேன்" என்றார்.